தங்கையா போன நாள்

அறுபது தாண்டினால் நித்திரை குறைந்துவிடுகிறது. நான் நாலரைக்கே எழும்பிவிடுவேன். என் மனைவி இராசமலர் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே கிணற்றடியில் முகம் கழுவி, திருநீறு பூசி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவது என் வழக்கம். விடியும்போது மயில்வாகனத்தார் வயலில் நிற்பார் என்று வட்டக்கச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணபதிக்கும் அது தெரியும்.

கணபதி இறந்தது பற்றி நான் பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பன்றிக்காக என் வயலைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுத்திருந்தேன். அது சட்டப்படி குற்றமென்று தெரிந்துதான் செய்தேன். காலையில் கரண்டை நிறுத்தப் பிந்திவிட்டது, என் பழைய சிநேகிதன் அதில் அகப்பட்டுச் செத்துப்போனான். இவ்வளவும் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்தும் வைத்தேன். யாரும் தேடி வருவதற்கு முன் நானே பொலிஸுக்குப் போனதை நீதவான்கூட ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னார். பிணையில் வீட்டுக்கு வந்த அன்று நான் தலைவராக இருக்கும் கமக்காரர் அமைப்பிலிருந்து பதினைந்து வயல்காரர் வந்து, தலைவருக்கு இப்படி ஒரு கெட்ட காலம் வந்துவிட்டதே என்று கவலைப்பட்டார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். கேட்காமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கணபதியின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் பட்டினி தாங்காமல் வன்னிக்கு இறங்கி வந்தவர்கள். என் அப்பா அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். அவர்களுக்கு எங்கள் வயலில் வேலையும், வாய்க்கால் ஓரத்தில் கொட்டில் போட ஒரு துண்டு நிலமும் கொடுத்தார். கணபதியும் நானும் ஒரே வகுப்பு. வரம்பு வழியே பள்ளிக்கூடத்துக்கு நடப்போம், நான் முன்னால், அவன் எனக்குப் பின்னால். அவனுடைய தம்பி தங்கையா எங்களைவிட எட்டு வயது இளையவன். தொண்ணூறாம் ஆண்டில் அந்தக் குடும்பம் மன்னாருக்குப் போய்ப் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. தங்கையா அவர்களோடு போகவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னரே ஒரு சுற்றிவளைப்பில் பட்டாளம் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவன் திரும்பி வரவில்லை.

முப்பத்துநாலு வருடம் கழித்து, போன ஆவணி மாதம், கணபதியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்டேன். கண்டது அவன்தான், நானல்ல. அன்று எனக்குப் பிரஷர் கிளினிக். நம்பர் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் இருந்தேன். மெலிந்த கிழவர் ஒருவர் வந்து எனக்கு முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வாகனம்தானே நீ?”

அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். ஊரில் இப்போது எனக்குத் தலைவர் என்றுதான் பெயர், கோயிலில் ஐயா.

“ஆர் நீங்கள்?” என்றேன்.

“கணபதிப்பா. மூஞ்சியைப் பார்த்தா சத்தியமாத் தெரிஞ்சிருக்காது. முடியெல்லாம் கொட்டி, தொப்பை போட்டு, ஆளே மாறிட்ட. காலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். கால் மட்டும் மாறவே இல்லை.”

என் வலது காலில் இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறிக் கிடக்கும். பிறவியிலேயே அப்படி. கணபதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அந்த இடத்தில் அதுதான் முறை. ஆனால் அவன் கையை எடுத்ததும் காலை வாங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அன்று பிரஷர் நூற்றெண்பதைத் தாண்டி நின்றதாகத் தாதி சொன்னாள்.

ஏனென்று சொல்கிறேன். அந்தச் சுற்றிவளைப்புக்கு ஐந்து நாள் முன்னர் பட்டாளம் என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஆறாம் நாள் விடியற்காலை என்னை ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில் இருத்தி, தலையில் சாக்கு ஒன்றைக் கவிழ்த்தார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் ஆண்கள் வரிசையாக வந்து ஜீப்புக்கு முன்னால் ஒருமுறை நின்று போகவேண்டும். நான் தலையை ஆட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள், ஆட்டாவிட்டால் வீட்டுக்கு விடுவார்கள். இந்த வேலைக்கு இருத்தப்பட்டவர்களைச் சனம் தலையாட்டி என்று சொல்லும். சாக்குக்குள் இருப்பது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. என் சாக்கு இடுப்பு வரைக்கும்தான் வந்தது. செருப்பை முன்னமே வாங்கி வைத்துவிட்டார்கள், வரிசையில் வந்தவர்களுக்கு என் வெறுங்கால் தெரியும்.

நாலு பேருக்குத் தலையாட்டினேன். பயத்தில், யாரென்று பார்க்காமல் ஆட்டினேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று பேர் சில மாதங்களில் வீடு திரும்பினார்கள். நாலாமவன் தங்கையா. அவனுக்கு முன்னால் நின்றவன் கணபதி. கணபதிக்கு நான் தலையாட்டவில்லை. அதற்கு அவன் நன்றி சொல்ல வழியில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

வயது போகப் போக மனிதர் மாறுகிறார்கள். இதை நான் மனதார நம்புகிறேன். சாக்குக்குள் இருந்தவன் இருபத்தேழு வயதுப் பயந்த பொடியன். அதன் பிறகு எத்தனை இடம்பெயர்வு, எத்தனை இழப்பு. கடைசியில் செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்து, உடுத்த உடுப்போடு ஊருக்குத் திரும்பி, பற்றை வெட்டி வயலை வயலாக்கியவன் வேறு ஆள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை மழையில்லாத சிறுபோகத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது ஒரு சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கூரை போட்டது நான் முன்னுக்கு நின்றுதான். ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்றால் அதற்கு நான் உழைத்திருக்கிறேன். கணபதி மட்டும் பழைய ஆளைத் தேடிக்கொண்டு வந்தான். அது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

என்றாலும் அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் மனைவி ராக்காயி இந்தியாவில் அகதி முகாமிலேயே இறந்துவிட்டாள். மகள் தயாளினியோடுதான் வந்திருந்தான். தொண்ணூறுக்கு முன்னர் அவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள் என்று உறுதிப்படுத்த ஊரில் ஒருவர் கடிதம் கொடுக்கவேண்டும். கேட்ட அன்றே எழுதிக் கொடுத்தேன். கொடுக்காமல் இழுத்தடித்தால் என்னவோ ஏதோ என்று யோசிப்பான். பழைய வாய்க்கால் ஓரத்திலேயே அவர்களுக்கு ஒரு கொட்டிலும் போட்டுக் கொடுத்தோம்.

அதன் பிறகு அவன் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். வந்து கதிரையில் இருந்து பழைய கதைகளைக் கிண்டுவான். அவன் எதைக் கேட்டாலும் அதற்குள் இன்னொன்றைக் கேட்கிறானோ என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே இராசமலரைக் கேட்டான்.

“தங்கையாவைப் புடிச்ச அன்னைக்கு வாகனம் ஊர்லதானே இருந்தாப்ல?”

“இல்லை அண்ணை, அந்தக் கிழமை இவர் வவுனியாவில. மாமா அப்பிடித்தான் சொன்னவர். அப்ப எங்களுக்குக் கலியாணம் முடியேல்லை” என்றாள் இராசமலர்.

“வவுனியாவுலயா?” என்றான் கணபதி.

தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான். அவன் முகம் விழுந்துபோனது. நான் அதைக் கவனித்தேன். நம்பாத மனிதனின் முகம் அது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வெளியே போகும்போது சப்பாத்துப் போடத் தொடங்கினேன். இராசமலருக்குச் சிரிப்பு.

“என்னப்பா, இந்த வயதில மாப்பிள்ளைக் கோலம்?”

“குதிக்கால் நோகுது” என்றேன்.

கோயிலுக்குச் சப்பாத்தோடு போக முடியாது. வெள்ளிக்கிழமைப் பூசையில் கணபதி எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்து நிற்பான். அவன் கும்பிடும்போது தலை குனிந்திருக்கும். எதைப் பார்க்கிறான் என்று திரும்பிப் பார்க்கவும் என்னால் முடியாது. நான் தூண் மறைவுக்கு நகர்ந்தேன், அடுத்த வெள்ளி அவனும் அந்தப் பக்கம் வந்தான். தேத்தண்ணிக் கடையில் என் வயதுக்காரர் இரண்டு பேரிடம் அந்தச் சுற்றிவளைப்பு எப்போது நடந்தது, யார் யார் நின்றார்கள் என்று விசாரித்ததாகவும் காதில் விழுந்தது. அந்த மாதங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் ஒருமுறை தலையாட்டி என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு கோயிலுக்குக் கூரை போட்ட பெயரும் இல்லை, தலைவரும் இல்லை, செத்தாலும் தோள் கொடுக்க நாலு பேர் வரமாட்டார்கள்.

தைப்பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கணபதி என்னைத் தனியே கூப்பிட்டான்.

“வாகனம், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தங்கையா விஷயம்.”

“கேளன்.”

“இங்க வேணாம்ப்பா. ஆளுங்க இருக்காங்க. இது நீயும் நானும் மட்டும் பேசுற பேச்சு.”

அவன் கண் கலங்கியிருந்தது. குரலும் ஒரு மாதிரி இருந்தது. நான் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

“அப்ப நாளைக்கு விடியவெள்ளன வயலுக்கு வா. அஞ்சரைக்கு அங்க நான் மட்டும்தான் நிப்பன்” என்றேன்.

இனிக் கம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் கம்பி இழுக்கும் எல்லோருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொழுது படும்போது கரண்ட் கொடுத்தால், காவல் கொட்டிலில் நட்ட தடியில் வெள்ளை உரப்பை ஒன்றைக் கட்டவேண்டும். காலை ஐந்து மணிக்கு நிறுத்தியதும் பையை அவிழ்க்கவேண்டும். பை தொங்கினால் ஊரில் ஒருவரும் அந்த வரம்பில் கால் வைக்கமாட்டார்கள், சின்னப் பிள்ளைகள்கூட. கணபதி ஊரில் இருந்த காலத்தில் வயலுக்கு மின்சாரமே வரவில்லை. தகரம் தட்டி, நெருப்பு மூட்டித்தான் பன்றி கலைப்போம். அவனுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் சொல்லிக் கொடுக்கவேண்டியவன் நான்தான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். கதிர் வந்த வயலுக்குள் செருப்போடு இறங்கக்கூடாது என்று அவன் தகப்பன் பழக்கியிருந்தார். மார்கழியில் ஒருநாள் பகல் அவன் பயிர் பார்க்க வந்தான். தெருவோரம் செருப்பைக் கழற்றி வைத்து, குனிந்து வரம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெறுங்காலோடு ஈர வரம்பில் நடந்து வந்தான். பேச்சு மாறி, நடை மாறி வந்தவனுக்கு இது மட்டும் மாறவில்லையே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அது வெறும் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை நான் வழக்கம்போல ஐந்து மணிக்கே வயலில் நின்றேன். கரண்டை நிறுத்தவில்லை. பையையும் அவிழ்க்கவில்லை. கொட்டிலுக்குள் இருந்துகொண்டேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. ஐந்தரைக்குத் தெருவில் அவனுடைய செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவன் குனிந்து நிமிர்ந்தான். வரம்பில் ஏறினான். அவனுக்கும் கம்பிக்கும் இடையே முப்பது அடியாவது இருக்கும்.

“வாகனம், இருக்கியா?” என்று கூப்பிட்டான்.

“ஓம், வா” என்றேன்.

பொலிஸ் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போது சொல்வது கடினம். அவன் நேரே வந்தான். அதிக நேரம் எடுக்கவில்லை. நான் போய்க் கரண்டை நிறுத்திவிட்டு, அவனைத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் பொலிஸுக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். மரண விசாரணை அதிகாரி வந்தபோது வெள்ளைப் பை தடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடையாளம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறது, இந்தியாவிலிருந்து வந்தவர் என்றபடியால் அவருக்கு விளங்கவில்லை என்று அயல் வயல்காரரே எடுத்துச் சொன்னார்கள்.

செத்த வீட்டுச் செலவு முழுவதையும் நான் பார்த்தேன். தயாளினி ஒருநாளும் என்னை வெறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவள் ஒரு பாயை விரித்து என்னை இருக்கச் சொன்னாள்.

“பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேள் பிள்ளை.”

“சித்தப்பாவைப் புடிச்சுட்டுப் போன நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“ஏன் கேக்கிறாய்?”

“அப்பாயி இருந்தவரைக்கும் சித்தப்பாவுக்குத் திதி கொடுக்க விடல. எம்புள்ள உயிரோட இருக்கான்னே சொல்லிட்டிருந்தாங்க. அவங்களும் போய்ட்டாங்க. இனியாச்சும் கொடுக்கணும், புடிச்ச நாளையே திதியா வச்சுக்கலாம்னு அப்பா நினைச்சாங்க. ஆனா அந்த நாளு அவங்களுக்கு மறந்துபோச்சு. வயசாச்சுல்ல பெரியப்பா, மாசம்கூடக் குழம்பிருச்சு. டீக்கடையில பொதுப்படையாக் கேட்டுப் பார்த்தாங்க, யாருக்கும் தெரியல. நேராக் கேட்டா, சொந்தத் தம்பி போன நாளை மறந்தவன்னு ஊரு சிரிக்குமேன்னு வெக்கப்பட்டாங்க. அதான் உங்ககிட்டத் தனியாக் கேக்கணும்னு அன்னைக்கு வந்தாங்க.”

“நான் அந்தக் கிழமை ஊரில இல்லையே.”

“ஆமா, அதைக் கேட்டதும் அப்பாவுக்கு ரொம்ப ஏமாத்தமாப் போச்சு. இருந்தாலும் வாகனத்துக்குத்தான் ஞாபகம் இருக்கும்னாங்க. தங்கையா பேரை எடுத்தாலே உங்க முகம் மாறிருமாம். கூடப்பிறந்த எனக்கே இவ்வளவு இல்லை, அவனுக்கு அவன் மேல அவ்வளவு பாசம்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க.”

ஆக, அவனுக்கு ஒன்றும் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் விசாரித்ததும் அந்த நாளைத்தான். அந்தப் பாயில் இருந்து இதை யோசித்தபோது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அவன் என்னைப் பற்றி நல்ல எண்ணத்தோடுதான் போயிருக்கிறான்.

நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, புரட்டாதி மாதம், வியாழக்கிழமை, தேய்பிறை ஏகாதசி. அன்று தங்கையா நீலக் கோடு போட்ட சாரம் கட்டியிருந்தான். யாரென்று பார்க்காமல் ஆட்டினேன் என்று மேலே எழுதியது சரியல்ல, அதைத் திருத்தவேண்டும். முதல் மூன்று பேருக்குப் பார்க்காமல்தான் ஆட்டினேன். லொறியில் ஏறும்போதுதான் யாரென்று கண்டேன். அவர்களுக்காக வாத்தியார்மாரும் கோயில்காரரும் முகாம் வாசலில் போய் நிற்பார்கள், வெளியே வந்ததும் சாக்குக்குள் யார் இருந்தது என்று விசாரிப்பார்கள் என்ற பயம் பிறகுதான் வந்தது. ஆனால் இன்னும் ஒருவன் வேண்டுமென்று பக்கத்தில் நின்றவன் துவக்கால் இடித்தான். ஒருவரும் தேடிப்போகாத ஒருவனாகப் பார்த்தேன். மலைநாட்டிலிருந்து வந்து வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் கூலிக்காரக் குடும்பத்துக்காக யார் போய் நிற்கப்போகிறார்கள்? கணபதியா தங்கையாவா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கணபதி என்னோடு படித்தவன், அதனால் அவனை விட்டேன்.

“எனக்கும் ஞாபகம் இல்லை பிள்ளை. வயது போட்டுது” என்றேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் இல்லாத மனிதனுக்குக் கிழமையும் திதியும் எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கக்கூடும். அவள் படித்த பெண். அவளைப் பற்றிச் சந்தேகப்படும் நிலைக்கு என்னை நானே கொண்டுபோக விரும்பவில்லை.

தயாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியென்றால் அப்பாவின் திதியன்றே சித்தப்பாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன், இரண்டு பேரும் ஒரே நாளாக இருக்கட்டும் என்றாள். நல்ல யோசனை என்று சொன்னேன். இரண்டு பேரையும் அனுப்பி வைத்தவன் நான்தான். ஒரே நாளென்றால் நானும் வருடத்துக்கு ஒரு விரதத்தோடு முடித்துக்கொள்ளலாம்.